பயம் தெளிந்த அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா நிறையப் படிக்கிற மனுசர். கொழுந்து ஏற்ற லொறி வரும்வரை எங்களுக்குக் கதை சொல்வார். பெரும்பாலும் பாரசீகத்துப் பழைய நீதிக்கதைகள். அதில் அரசர்களும் துறவிகளும் வருவார்கள். யாராவது ஒருவர் எதற்காவது பயந்துகொண்டே இருப்பார். அக்கரப்பத்தனை மழையில் ஒடுங்கி நின்று கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் கப்பல் கதை சொன்னார். கடலையே பார்த்திராத ஓர் அடிமை, கப்பல் ஆடியதும் அலறுகிறான். யார் தேற்றியும் அடங்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல, அவனைத் தூக்கிக் கடலில் போட்டு, மூச்சுத் திணறியபின் மேலே இழுக்கிறார்கள். அதன்பிறகு அவன் ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறான். கப்பலின் அருமை அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது என்று ஐயா முடித்தார்.

எல்லோரும் சிரித்தோம். லயத்து வீட்டு வரிசையில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்குக் குளவி என்றால் உயிரே போய்விடும். முன்பு கொட்டுப்பட்டு, மூச்சு முட்டிக் கிடந்து பிழைத்தவர். கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் முதலில் மரங்களைத்தான் அண்ணாந்து பார்ப்பார். ஈ பறந்தாலும் குளவி என்று கத்திக்கொண்டு ஓடுவார். பின்னாலேயே நாங்களும் ஓடுவோம். அன்றைக்குக் கொழுந்து குறையும்.

அடுத்த வாரம் ஐயா அவரை ஆற்றோரத்துத் தேயிலை நிறைக்கு மாற்றினார். அவர் முன்பு கொட்டுப்பட்ட இடம் அது. அக்கா கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். பயம் தெளியத்தான் இது, போகப்போகச் சரியாகிவிடும் என்று ஐயா அன்பாகத்தான் சொன்னார்.

சரியாகித்தான் போனது. முதலில் அக்கா அழுதுகொண்டே பறித்தார். பிறகு அழுகை நின்றது. பேச்சும் நின்றது. ஐயா அவரைத் திரும்ப எங்களோடு சேர்த்துவிட்டு, பார்த்தீர்களா என்றார். எனக்கு ஏனோ அந்த அமைதி பிடிக்கவில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, அக்கா குடம் நிறைந்து வழிவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

காற்று பலமாக அடித்த ஒரு காலை, நாங்கள் பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே மரக்கிளை முறிந்து குளவிக்கூடு விழுந்தது. முதலில் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் தேயிலைக்குள் விழுந்து உருண்டோம். ஐயா எங்களை இழுத்துவிட ஓடி வந்தார். அவரைத்தான் அதிகம் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் அக்கா. கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. அந்தக் கூட்டைச் சில நாளாகவே பார்த்துக்கொண்டிருந்ததாக மெதுவாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, பயப்படுறேன்னு மறுபடியும் ஆத்தோரத்துக்கே அனுப்பிருவாங்க தங்கச்சி. அதான் வாய மூடிக்கிட்டேன்."

அந்த அடிமை கடலுக்குப் பயந்ததைவிடத் தன்னைத் தூக்கிப் போட்டவர்களுக்குத்தான் அதிகம் பயந்திருப்பான் என்று அப்போது தோன்றியது.

ஐயா பிழைத்து வந்ததும் அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். மறுவாரம் அக்காவைப் பிள்ளை மடுவத்துக்கு மாற்றினார். இப்போது அவர் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். வாசலில் நின்று மரங்களைப் பார்ப்பதுண்டு.

மேல்மலையில் குளவி புதிதாக ஒரு கூடு கட்டியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து தோட்டத்து ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டோம். எடுத்துவிடலாம் என்கிறார்கள். இன்னும் எடுக்கவில்லை. நாளைக்கு எங்களுக்கு அங்கேதான் வேலை.