பாஸ்கல் மூன்று தடவை பிரித்த இஞ்சின்

"அக்கா, இஞ்சினுக்கு வாங்குன கேஸ்கெட்டுல ஒண்ணு மிச்சம் கெடக்கு. ஒங்க வாய்க்குப் போட்டு மூடி விடவா?"

பாஸ்கல் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது இது. முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு. அதுவரை என்னிடம் அவன் குரலை உயர்த்தியதில்லை. நானும் அப்படியொன்றும் கேட்டுவிடவில்லை. "செத்துப்போனத எத்தன தடவடா அறுத்துப் பாப்ப? ஆஸ்பத்திரியிலகூட ஒரு தடவதான் அறுப்பான்" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். அவ்வளவுதான்.

சொன்ன நேரம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். இஞ்சின் மூன்றாவது தடவையாக அவன் வீட்டு வாசலில் துண்டு துண்டாகக் கிடந்தது.

பாஸ்கல் பிறந்தது மூணாங்கட்டைத் தோட்டத்தில். பத்து காஜா டவுனிலிருந்து உள்ளே போக வேண்டும். நானும் அந்தத் தோட்டத்துக்காரிதான். அவன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். இவன் வளர்ந்து தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். வாரம் முழுக்க அங்கேயே தங்கல், சனிக்கிழமை வீடு. பதினெட்டு வருஷம் அப்படி ஓடியது. யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கார் செய்றேன் லா" என்பான். என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். கதவு ஓரத்தில் மழைத்தண்ணீர் புகாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். அதை மாட்டினான். பதினெட்டு வருஷம் அதை மட்டும்தான் மாட்டினான். அப்பன் ரப்பர் பால் எடுத்தான், மகன் ரப்பரைக் கதவில் ஒட்டினான் என்று நான் சொன்னால், அவன் பொண்டாட்டி ஆலிஸ் சிரிப்பாள், அவன் சிரிக்க மாட்டான்.

இப்படிப்பட்டவன்தான், ஓய்வு பெற்ற மறுவருஷம், ஒரு உரக் கங்காணியிடமிருந்து ஏ.டி.வி. ஒன்றை வாங்கி வந்தான். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் உர மூட்டை இழுத்த வண்டி. நாலு பருத்த சக்கரம், மோட்டார்சைக்கிள் மாதிரி கைப்பிடி, இருக்கைக்குப் பின்னால் மூட்டை வைக்க ஒரு கம்பி மேடை. இஞ்சின் இறுகிப்போய் உதைத்தாலும் அசையவில்லை.

"இது எதுக்கு?" என்று ஆலிஸ் கேட்டாள்.

"டுரியான் பொறுக்கப் போவேன்."

"நம்மகிட்ட டுரியான் மரமே இல்லையே."

"மத்தவங்க மரத்துக்குக் கீழ பொறுக்குறேன். ஒனக்கென்ன?"

அது டுரியானுக்கு இல்லை. எனக்குத் தெரியும், ஆலிஸுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அவர்களுடைய முதல் பிள்ளை ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. தோட்டத்துக் கல்லறையில்தான் புதைத்தார்கள். தோட்டத்தில் இப்போது ஆள் இல்லை, வீடு இல்லை, கோயிலும் இல்லை. மேட்டின் மேலே செம்பனைக்கு நடுவில் கல்லறை மட்டும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள், கல்லறைத் திருநாளில், ஃபாதர் அங்கே வந்து மந்திரிப்பார். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கிருந்தாலும் அன்று வந்து புல் வெட்டி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆலிஸ் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அப்புறம் சக்கரை வியாதியில் அவள் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கார் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் செம்மண், நவம்பர் மழையில் முழங்கால் வரை சேறு. சக்கர நாற்காலி அதில் போகாது. இரண்டு வருஷம் அவள் வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? சொல்ல மாட்டான். ஆனால் இஞ்சினைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்த மூட்டை மேடையில் பஞ்சு வைத்து, முதுகு சாய ஒரு பலகை அடித்து, கால் வைக்கத் தட்டும் பொருத்திவிட்டான். டுரியான் முதுகு சாய்ந்தா வரும்?

செப்டம்பரில் இஞ்சினைப் பிரித்தான். கைப்பேசியில் ஒரு இந்தோனேசியாக்காரன் சொல்லச் சொல்ல, இவன் கழற்றினான். கழற்றிய போல்ட்டெல்லாம் ஆலிஸ் தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்கு சுட்டுத் தரும் டின்களில் போய் விழுந்தன. வால்வை மண்ணெண்ணெயில் ஊற வைத்தது அவளுடைய புட்டுப் பாத்திரத்தில். அன்றைக்கு நடந்த சண்டையை நான் எழுதினால் ஃபாதர் படிக்க முடியாது.

இஞ்சின் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனான். மோட்டார் கடை முதலாளி, சீனத் தவுக்கே, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, புவாங் லா" என்றாராம். தூக்கி எறி என்று. இவன் எறியவில்லை. குடைந்து கொடுக்கச் சொல்லி, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வந்தான். அந்த பிஸ்டனை என்னிடம் காட்டியபோது, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்தான்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று ஒரு போல்ட் மிஞ்சியது.

"என்னடா இது?"

"தொழிற்சாலையில எப்பவும் ஒண்ணு கூடக் குடுப்பாங்க, அக்கா. ஸ்பேர்."

"கதவுக்கா?"

திரும்பி வண்டியை உதைத்தான். நாலாவது உதையில் இஞ்சின் பிடித்தது! நீலப்புகை தெருவை மூடியது. என் கொடியில் காய்ந்த சேலையெல்லாம் நாறியது. பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினான். அறுபத்தோரு வயது ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றான். அது திருநாளுக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை.

டேங்கில் புனல் வைத்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் ஷார்மேன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாள். புனலை அப்படியே விட்டுவிட்டு, பெருமை பேச உள்ளே போனான். ஆலிஸ் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. கோயில் தீர்த்தம். இவர்கள் வழக்கத்தில் புது வண்டி வந்தால் தீர்த்தம் தெளிக்காமல் ஓட்ட மாட்டார்கள். எங்களுக்கு எலுமிச்சம்பழம் மாதிரி. கைப்பிடிக்குத் தெளித்தாள், இருக்கைக்குத் தெளித்தாள், நாலு சக்கரத்துக்கும் தெளித்தாள்.

நான் வேலியில் சாய்ந்துகொண்டு, "கெட்டுப்போனது உள்ளதானே, ஆலிஸ்? வெளிய தெளிச்சா அதுக்கு எப்படி எட்டும்?" என்றேன்.

அவள் புனலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமால்லக்கா" என்று சொல்லி, சிலுவை போட்டுவிட்டு, குப்பியைக் கவிழ்த்தாள். அரை டம்ளர் இருக்கும். இரண்டு பேருக்கும் மனசு நிறைந்தது.

மறுநாள் பூசைக்குப் போய் வந்து உதைத்தான். இருமியது, தும்மியது, நின்றது. மத்தியானம் வரை உதைத்தான். திங்கட்கிழமை இஞ்சினைப் பிரித்தான். ரிங் சரியாக இருந்தது, வால்வு சரியாக இருந்தது. கார்புரேட்டரையும் கழுவினான். பூட்டிவிட்டு அதே டேங்கைத் திறந்து அதே பெட்ரோலை விட்டான். மறுபடியும் அதே இருமல். வியாழக்கிழமை மூன்றாவது தடவை பிரித்தான். மிஞ்சிய அந்த போல்ட்டை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் நான் அறுப்பதைப் பற்றிக் கேட்டேன். கேஸ்கெட் எனக்கு வந்தது.

எனக்கும் ரோஷம் உண்டு. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் பக்கம் திரும்பவில்லை. அன்று சாயந்திரம் ஆலிஸ் வேலியோரம் வந்து, "மங்களக்கா, கோவிச்சுக்காதீங்க. அவருக்கு ராத்திரித் தூக்கமே இல்ல. நான் போகலைன்னாலும் பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். அதுக்கும் ஏசுறாரு" என்றாள்.

"அடுத்த வருஷம் ஒனக்குக் கால் வளருமா?" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் சிரித்துவிட்டாள். அவளும் தோட்டத்துக்காரிதான், தாங்குவாள்.

சனிக்கிழமை காலை நான் அடுப்பங்கரையில் இருந்தேன். அந்தப் பக்கம் மறுபடி பூட்டி உதைக்கும் சத்தம் கேட்டது. படபட, புஸ், படபட, புஸ், நின்றது. எனக்குக் கை நின்றது. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது மழை ஒழுகி மண்ணெண்ணெய் டின்னுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். அன்றைக்கு அடுப்பு இப்படித்தான் புஸ் புஸ்ஸென்று துப்பி அணையும். எரிகிற எண்ணெயில் தண்ணீர்.

தண்ணீர்.

கரண்டியோடு ஓடினேன். "பாஸ்கல், நிறுத்துடா. டேங்குல தண்ணி இருக்கு."

"டேங்குல எப்படிக்கா தண்ணி வரும்? மூடிதானே இருக்கு."

நான் வாசலில் நின்ற ஆலிஸைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்காதான் உள்ள ஊத்தச் சொன்னாங்க" என்றாள்.

"எட்டாதுன்னுதான் சொன்னேன். ஊத்துனு எப்ப சொன்னேன்? நீதானே குப்பியக் கவுத்த!"

"நீங்க அப்படிச் சொன்னா வேற என்ன அர்த்தம்?"

"எதைக் கவுத்தீங்க?" என்றான் பாஸ்கல். சொன்னோம். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, அதன் மேல் உட்கார்ந்தான். பிறகு, "ரெண்டு தடவ பிரிச்சேன்" என்றான். "ஒரு வாரம். ரெண்டு தடவ." அதற்கு மேல் திட்ட அவனுக்கு வார்த்தை வரவில்லை. ஜன்னலோரம் இருந்த மாதா குப்பி வேறு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

டேங்கைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்தான். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர், கோடு போட்ட மாதிரி நின்றது. சாக்கடையில் ஊற்றப் போனான்.

"ஏங்க! தீர்த்தத்த சாக்கடையிலயா ஊத்துவீங்க?" என்று ஆலிஸ் கத்தினாள். "மண்ணுலதான் விடணும்."

"இது பெட்ரோல், ஆலிஸ்!"

"மேலதான் பெட்ரோல். கீழ தீர்த்தம்."

அந்த நேரத்திலும் அவன் உட்கார்ந்து, ஒரு ரப்பர் குழாயை வைத்து, அடியில் இருந்த தண்ணீரை மட்டும் உறிஞ்சியெடுத்து, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினான். வாயெல்லாம் பெட்ரோல். அந்தக் கறிவேப்பிலை இன்றுவரை தலை நிமிரவில்லை, அது வேறு கதை. டேங்கைத் துடைத்து, புது பெட்ரோல் விட்டு, உதைத்தான். இரண்டாவது உதையில் பிடித்தது. இருமலே இல்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்டானா? இல்லை. சாயந்திரம் ஒரு பொட்டலம் வடை வேலியில் தொங்கியது. சூடாக இருந்தது, சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, யாரிடமோ இரவல் வாங்கிய லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு பாலம் வரை போனோம். நானும் போனேன். அவளைச் சேற்றில் கவிழ்த்துவிடுகிறானா என்று பார்க்கத்தான். கவிழ்க்கவில்லை. ஆலிஸ் அந்தப் பலகையில் சாய்ந்து, மடியில் பூவும் மெழுகுவத்தியுமாக, தேரில் வருகிற மாதிரி மேடு ஏறினாள். பின்னால் நடந்தவர்கள் இடுப்பு வரை சேறு. நானும்தான். பாஸ்கல் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து, "ஏறிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்கவில்லை.

மேலே போய், அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் அவள் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தாள். கல்லைக் கையால் துடைத்தாள். "மூணு வருஷமாச்சு, தம்பி. அப்பாவுக்கு இஞ்சின் செய்யத் தெரியல, அதான் லேட்டு" என்றாள். பாஸ்கல் மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் செம்பனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்ததும் சிரித்து, அதற்கும் தெளிக்கக் கையை ஓங்கினார். பாஸ்கல் ஓடிப்போய் இரண்டு கையாலும் டேங்க் மூடியைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் ஈப்போவுக்குப் பஸ் ஏறினான். பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்து, எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்தி, எங்கள் கண்ணெதிரே மாட்டினான். பூட்டு வைத்த டேங்க் மூடி. சாவி ஒன்றுதான். அதைக் கழுத்தில் சிலுவையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டான். விலை இருபத்தெட்டு வெள்ளி.