நூராத வயர்

நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் அன்றைக்கு நின்றவர்கள்: நான். என் மகன். மகன் கூட்டிக்கொண்டு வந்த ஆள் ஒருவர், பழைய கார் வாங்கி விற்பவர். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கொம்பியூட்டர் வேலை செய்பவர். வேறு ஒருவரும் இல்லை.

கார் என்னுடையது. அதை விற்கத்தான் மகன் ஆளோடு வந்திருந்தான். என்னிடம் கேட்கவில்லை.

ஏன் விற்க நினைத்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பனிக்காலம் முழுக்க பற்றரி செத்துச் செத்துப் போனது. மத்தியானம் வேலையால் வந்து காரை நிலக்கீழில் விடுவேன். அடுத்த நாள் விடியப்புறம் திறப்பை, அதுதான் கார்ச் சாவியை, திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். அதுவும் செத்தது. கராஜில் காட்டினேன். பற்றரி நல்லது என்றார்கள். சார்ஜ் ஏற்றுகிற சாமானும் நல்லது என்றார்கள். எல்லாம் நல்லது. கார்தான் வெளிக்கிடாது.

மகன் தானாக ஒரு முடிவுக்கு வந்தான்.

"அம்மா, நீங்கள் லைற்றை நூர்க்காமல் போறீங்கள்."

நூர்க்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கை அணைக்கிறது.

"நான் நூர்த்துப்போட்டுத்தான் போறனான்."

"மறந்திருப்பீங்கள். மறந்த ஆளுக்கு மறந்தது தெரியாதுதானே."

அந்தக் கதைக்கு மறுமொழி கிடையாது. ஓம் என்றாலும் மறதி, இல்லை என்றாலும் மறதி. நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததையும் அவன் மறதிக் கணக்கில் போட்டிருப்பான்.

எனக்கு வேலை இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், சாப்பாட்டுக் கடையில். ரோல்ஸ் சுற்றுவேன், இடியப்பம் பிழிவேன், சொதி வைப்பேன். வேலைக்குப் போகிற சனம் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போகும். அதனால் முதல் பஸ் ஓடத் தொடங்குமுன் எங்கள் அடுப்பு எரிய வேண்டும். கார் இல்லை என்றால் அந்த வேலை இல்லை. வேலை இல்லை என்றால் என் அறைக்கு வாடகை இல்லை. அதற்குப் பிறகு மகன் வீட்டு பேஸ்மென்ற்தான்.

அவன் அங்கே ஏற்கெனவே கார்ப்பெற் அடித்து, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டான். நல்ல கட்டில். ஒரு சின்ன ஜன்னல், உயரத்தில். அதால் பார்த்தால் பக்கத்து வீட்டு வேலியின் அடி தெரியும். மகன் கெட்டவன் இல்லை. பேரப்பிள்ளைகளிலும் எனக்கு ஆசைதான். ஆனால் எனக்கு அந்த வீட்டுக்குப் போகவும் வேணும், போட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடவும் வேணும். பேஸ்மென்றில் இருக்கிற ஆள் அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் பற்றரி ஏன் சாகிறது என்று நானே பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் லைற்றுகள். நிலக்கீழ் இருட்டு. ஒரு லைற் எரிந்தாலும் தெரியும். காரைப் பூட்டிவிட்டு லிப்ற் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்ப்பேன். இருட்டுத்தான். டிக்கிக்குள் லைற் எரிகிறதோ என்று கைபேசியை வீடியோவில் விட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன். மூடினவுடன் அதுவும் நூர்ந்தது.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாள். நிலக்கீழைக் கழுவப் போகிறோம், எல்லாக் காரையும் வெளியே எடுங்கள் என்று கட்டடக்காரர் நோட்டீஸ் ஒட்டினார்கள். காரை வெளியே பனிக்குள் விட்டேன். சரியான குளிர். மூக்குத் தண்ணி உறைகிற குளிர். இனி இது சரி வராது என்று நினைத்தேன். விடியப்புறம் போய்த் திருப்பினேன். சும்மா வெளிக்கிட்டது. அந்தக் கிழமை ஒரு நாளும் சாகவில்லை. திரும்ப நிலக்கீழுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஸ்னோ கொட்டின அடுத்த நாளே செத்தது.

மகனுக்குச் சொன்னேன். சிரித்தான்.

"குளிரிலதானம்மா பற்றரி சாகும். சூட்டில சாகாது."

"இது சூட்டிலதான் சாகுது."

"சரி அம்மா."

அவன் "சரி அம்மா" என்றால் கதை முடிந்தது என்று கருத்து.

தமிழ்நாட்டுத் தம்பியை எனக்கு இந்தக் கார்தான் பழக்கினது. விடியப்புறம் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் எங்கேயோ பிளேன் எடுக்க, பெட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஆன்ட்டி, வண்டியில பிரச்சனையா?"

எங்கள் ஊரில் வண்டி என்றால் தொப்பை வயிறு.

"வண்டி சுகமாத்தான் இருக்குது தம்பி. கார்தான் ஏலாமல் நிக்குது."

அவருக்கு விளங்கவில்லை. சொல்லிக் கொடுத்தேன். பெட்டியை விட்டுவிட்டுத் தன் வயிற்றைத் தட்டினார். "அப்போ என் வண்டிக்கு ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி." தன் காரைக் கொண்டுவந்து, அதன் பற்றரியில் இருந்து வயர் கொழுவி பூஸ்ற் கொடுத்தார். அதற்குப் பிறகும் கன தரம் கொடுத்தார். ஒரு தரம் அவருக்கு வெளியில் சாகாத கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் நின்று யோசித்தார்.

"அப்போ பேட்டரி சும்மா சாகல. நிக்குறப்போ ஏதோ ஒண்ணு கரண்ட்டைக் குடிக்குது. என்கிட்ட மீட்டர் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாக்கலாமா?"

சனிக்கிழமை நல்ல ஸ்னோ. ஞாயிறு அவரிடம் பூஸ்ற் வாங்கிப் பூசைக்குப் போய், சேற்றுப் பனிக்குள் மிதித்துக் கால்சப்பாத்தோடு ஏறி வந்து, நிலக்கீழில் விட்டேன். தம்பி பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீற்றரைக் கொழுவினார். கார் நிற்கிறபோது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது காட்டும். அந்த நேரம்தான் மகன் வாங்குகிற ஆளோடு லிப்ற்றால் இறங்கி வந்தான்.

"அம்மா, இவர் சும்மா பார்த்துப்போட்டுப் போவார்."

"பார்க்கட்டும். கண்ணுக்கு வரி இல்லை."

வாங்குகிறவர் காரைச் சுற்றி நடந்தார். ரயரைக் காலால் தட்டினார்.

"அக்கா, பற்றரி குடிக்கிற காரை வச்சிருக்கிறது, வேலைக்குப் போகாத மருமகனை வச்சிருக்கிற மாதிரி. நான் கொண்டு போறன். உங்களுக்கும் நிம்மதி."

"உங்கட மருமகன் வேலைக்குப் போறாரோ?"

அவர் மற்றப் பக்க ரயரைப் பார்க்கப் போனார்.

தம்பி எல்லாரையும் காரில் தொடாமல் நிற்கச் சொன்னார். "கொஞ்ச நேரம் வெயிட் பண்ணணும். வண்டி தூங்கணும்." பூட்டினவுடன் காருக்குள் சில சாமான்கள் உடனே நிற்காதாம். அவை ஓயும்வரை மீற்றர் சரியாகக் காட்டாதாம்.

"கார் நித்திரை கொள்ளுமோ?" வாங்குகிறவர் கேட்டார்.

"உங்களை விட்டால் கொள்ளாது. கதைக்காமல் நில்லுங்கோ" என்றேன்.

நின்றோம். மீற்றர் குறைந்துகொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றது. ஒன்று புள்ளி இரண்டு. எனக்கு எழுத்துக் குறைவு, எண் தெரியும். நல்ல காரில் அது ஒன்றின் நூறில் சில பங்காகத்தான் இருக்க வேண்டும் என்றார் தம்பி. இது விடியுமுன் பற்றரியைக் குடித்துவிடுமாம்.

தம்பி ஸ்ரியறிங்குக்குக் கீழே படுத்து பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீற்றரை நான் பார்த்தேன்.

"இப்போ?"

"அதேதான்."

"இப்போ?"

"அதேதான் தம்பி."

"இப்போ ஆன்ட்டி?"

விழுந்தது. கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

அவர் பியூஸ் மூடியில் இருந்த படத்தைப் பார்த்தார். "இது உள்ள எரியற லைட்டோட ஃபியூஸ்."

"நான் சொன்னனான்" என்றான் மகன். "உள் லைற்."

"தம்பி அதை முதலே சுவிச்சில நூர்த்தவர். பார்" என்றேன். ஜன்னலால் எட்டிப் பார்த்தான். நூர்த்துத்தான் இருந்தது.

தம்பி எழும்பி முன்னுக்குக் கை காட்டினார். டாஷ்போட்டில் மாதா சுரூபம். நாங்கள் மன்னார்ப் பக்கம். எங்கள் ஆட்களின் காரில் மாதா இல்லாமல் இராது.

"இதுக்கு லைட் கனெக்‌ஷன் இருக்கா ஆன்ட்டி?"

"இருந்தது. தலைக்குப் பின்னால வட்டமாய் ஒரு நீல லைற். அது நூர்ந்து கனகாலம்."

"நூர்ந்துன்னா?"

"ஓஃப்" என்றான் மகன்.

"நீங்க ஆஃப் பண்ணீங்களா? இல்ல அதுவா பல்ப் போயிடுச்சா?"

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நூர்க்கிறது வேறு, நூர்கிறது வேறு. ஆள் நூர்த்தால் அது ஒரு வேலை. தானாக நூர்ந்தால் அது ஒரு நடப்பு. மகன் இரண்டையும் ஒரு சொல்லில் போட்டுவிட்டான். இத்தனை நாளும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்த லைற்றை ஒருவரும் நூர்க்கவில்லை. நூர்க்க ஒரு சுவிச்சே இல்லை. என் மனிசன், மகனின் அப்பா, உயிரோடு இருந்தபோது கராஜில் நின்று பூட்டுவித்தது. நான் பக்கத்தில் நின்றேன். வயர் பூட்டின பெடியன் கேட்டான், "திறப்பு எடுத்தால் நூர வேணுமோ அண்ணை?" இவர், "மாதாவின்ர லைற் ஒரு நாளும் நூரக்கூடாது. கார் நிண்டாலும் எரிய வேணும்" என்றார். அவன் எந்நேரமும் கரண்ட் ஓடுகிற இடத்தில் கொழுவிவிட்டான். கோயிலில் விளக்கு நூராது, காரிலும் அப்படி. அவர் போன பிறகு ஒரு நாள் பல்ப் தானாக எரிந்து போனது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

லைற் நூர்ந்தது. வயர் நூரவில்லை.

தம்பி என் கால் வைக்கிற பக்கத்துக் கார்ப்பெற்றை உரித்தார். அடியில் தண்ணி. ஸ்னோ, றோட்டில் கொட்டுகிற உப்பு, எல்லாம் என் சப்பாத்தால் வந்து உருகி நின்றது. அதற்குள் மாதாவின் லைற் வயரைப் பொருத்தின சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று, வாய் பிளந்து. சுற்றின ரேப் கழன்று, செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது.

"உப்புத்தண்ணி வழியா கரண்ட் போயிட்டு இருக்கு" என்றார். "வெளிய நின்னா இது கட்டியா உறைஞ்சிடும், அவ்வளவா போகாது. இங்க வந்தா உருகிடுது. நீங்க சொன்னது கரெக்ட் ஆன்ட்டி. சூட்டுலதான் செத்திருக்கு."

நான் மகனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது வேறு கதையாகிவிடும்.

"வெட்டுவம்" என்றேன்.

தம்பி வயர் வெட்டுகிற குறட்டை எடுத்தார். மகன் முன்னுக்கு வந்தான்.

"பொறுங்கோ, பொறுங்கோ. அம்மா, அது அப்பா போட்டது."

தம்பி குறட்டைத் தாழ்த்தினார்.

"கார் ஆர் வாங்கினது?" என்று கேட்டேன்.

"அப்பா."

"அப்பா வாங்கின காரை விக்க ஆளோட வந்து நிக்கிறாய். அப்பா போட்ட வயரை வெட்ட வேண்டாம் எண்டுறாய். எது உனக்கு வேணும்?"

வாங்குகிறவர் சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றினார். மகன் ரயரைப் பார்த்தான்.

குறட்டைத் தம்பியின் கையால் வாங்கினேன். குனிந்து நானே வெட்டினேன். பியூஸ் பக்கத்தாலும் வெட்டினேன், மாதா பக்கத்தாலும் வெட்டினேன். நடுவில் இருந்த பெட்டியை இழுத்தெடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். மாதா இருந்த இடத்திலேயே இருந்தார். பகலில் அவருக்கு லைற் தேவை இல்லை. விடியப்புறம் ஹெட்லைற் இருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே காணும், போதும்.

தம்பி பியூஸைத் திரும்பப் போட்டார். மீற்றரைப் பார்த்தேன். ஏறவில்லை.

"தூங்குது" என்றார் தம்பி.

வாங்குகிறவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, இப்ப கார் திருத்தின கார். இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு எடுப்பன்."

"இது விக்கிற கார் இல்லை அண்ணை. நீங்கள் வழி மாறி வந்திட்டீங்கள். லிப்ற் அங்கால."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினான். அவர் போனார். தம்பியும் பற்றரி வயரைத் திரும்பப் பூட்டி, சாமானைக் கட்டிக்கொண்டு, "வண்டியைப் பாத்துக்கோங்க ஆன்ட்டி" என்று என் வயிற்றைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் மகனும் நின்றோம். பொனற்றை மூடினேன். அவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். சின்னனிலும் பிழை விட்டால் இப்படித்தான் நிற்பான்.

"இந்த முறை வயர்" என்றான். "அடுத்த முறை வேற ஒண்டு வரும்."

"வந்தால் அதையும் பார்ப்பம்."

"கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறன் அம்மா."

"தெரியும். ஆரும் விருந்துக்கு வந்தால் படுக்கட்டும்."

"இன்னும் எத்தனை வருசம் கார் ஓடப்போறீங்கள்?"

மறதிக்காரியிடம் கேட்கிற குரலில் கேட்டான். நான் காருக்குள் ஏறி இருந்து ஜன்னலை இறக்கினேன்.

"எண்பது வயசில கவுண்மேந்து கூப்பிட்டுச் சோதிக்கும். கண்ணையும் பார்ப்பினம், மூளையையும் பார்ப்பினம். மறதியோ இல்லையோ எண்டு அவை சொல்லட்டும். அதுவரைக்கும் ஓடுவன்."

எனக்கு அறுபத்துமூன்று. அவன் கழித்துப் பார்க்கிறான் என்று முகத்தில் தெரிந்தது. அவனுக்கு முதல் நான் கழித்துவிட்டேன்.

பதினேழு.