வராதவர் பேரைக் கேட்ட வஹாப் சார்

வஹாப் சார் இறந்த செய்தி எனக்கு வந்தபோது அவரை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. நாகூரிலிருந்து அவர் மகன் போன் செய்தான். "வாப்பா நேத்து விடியக்காலையில மவுத்தாயிட்டாங்க. சாயங்காலமே அடக்கிட்டோம். உங்க நம்பர் அவங்க பழைய நோட்டுலதான் இருந்துச்சு, தேடி எடுக்க நேரமாயிடுச்சு" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு கூட்டத்துக்காவது நேரத்துக்கு வந்திருப்பாரா அந்த மனுஷர்? போவதற்கு மட்டும் என்ன இவ்வளவு அவசரம் என்று போனிலேயே சத்தம் போட்டேன். அப்புறம் நான்தான் அழுதேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பனந்தாள் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் சுகாதாரக் கல்வியாளர், நான் நர்ஸ். ஊசி போடுவது என் வேலை. அதை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வது அவர் வேலை. வயதிலும் சர்வீஸிலும் நான் மூத்தவள். அதனால் அவர் வந்த நாளிலிருந்தே அவரை அதட்டும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவரும் மறுத்ததில்லை. ஓயாமல் பேசுவார். அறிக்கை எழுதச் சொன்னால் எழுதமாட்டார். சைக்கிளும் சரியாக ஓட்டத் தெரியாது. சுவரொட்டிக் கட்டோடு வாய்க்காலில் விழுந்து, நனைந்த கொசுப் படங்களை வரப்பில் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குப் போட்டோம் என்று வாசிப்போம். டாக்டர் தலையாட்டுவார். இவர் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்திருப்பார். "வந்தவங்க வந்துட்டாங்க சார். அவங்களைப் பத்தி நமக்கென்ன கவலை? வராதவங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க." கூட்டம் முடிந்து டீ குடிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? நான் பல்லைக் கடிப்பேன்.

அப்படித்தான் ஒருநாள் என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி இரண்டு தவணை போட வேண்டும். போடாவிட்டால், தொப்புள்கொடி அறுத்த இடத்தில் கிருமி ஏறி, பிறந்த பிள்ளை ஏழு, எட்டு நாளில் வாய் கட்டிப் பால் குடிக்க முடியாமல் விறைத்துப் போய்விடும். கூலி வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் அப்படித்தான் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே கொடி அறுப்பது கதிர் அறுக்கும் கருக்கரிவாளால். அந்தத் தெருப் பெண்களின் பேருக்கு நேரே எல்லாம் நான் 'மறுப்பு' என்று எழுதி வைத்திருந்தேன்.

"வேணாம்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்களா சிஸ்டர்?"

"வரவே இல்ல சார். வராட்டி மறுப்புதானே."

"எங்க வந்திருக்கணும்?"

"மிராசுதார் வீட்டு முன் அறைக்கு. அங்கதானே நம்ம கிளினிக்."

மறுநாள் ஆளைக் காணோம். மாலையில் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். "தெற்குத் தெருவுலேர்ந்து அந்த வாசப்படி வரைக்கும் நடந்து பார்த்தேன் சிஸ்டர். வழியில நாலு பேர், எங்க போறேன்னு கேட்டாங்க. சட்டை பேண்ட் போட்டிருக்கிற என்னையே கேக்குறாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மிராசுதார் கெட்டவரில்லை. வாடகை வாங்காமல் அறை கொடுத்தவர், அவர் வீட்டம்மா எனக்கு மோர் கொடுத்து அனுப்புவார். ஆனால் தெற்குத் தெருப் பெண்கள் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் வேலைக்காக. முன் வாசல் அவர்களுக்கு எப்போதும் கிடையாது.

அது கழக ஆட்சிக் காலம். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, கூலி உயர்வு என்று டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு முற்றி, தெற்குத் தெரு வேலைக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் ஒரு பெண் மிராசுதார் வாசலில் கால் வைத்தால் விவசாயக் கூலிகள் சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்றாகிவிடும். வஹாப் சார் கிளினிக்கை மதகடிக்கு மாற்றினார். அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. ஸ்டவ், ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரம், ஐஸ் போட்ட பிளாஸ்க் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அன்று அவரை ஓட்டவிடவில்லை, தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன்.

பெண்கள் வந்தார்கள், தள்ளி நின்றார்கள். அவர்களில் செல்லம்மாவுக்கு ஆறாம் மாதம். முன்னே பெற்ற இரண்டு பிள்ளைகளும் எட்டாம் நாள் தாண்டவில்லை. அவள் புருஷன் கோவிந்தன்தான் அந்தத் தெருச் சங்கத்துச் செயலாளர். அவன் நேராகவே கேட்டான். "குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிதானே இது? எங்க வம்சத்தையே அறுக்கிறதுக்கு ஏற்பாடு." உடனே வஹாப் சார் சட்டைக் கையைச் சுருட்டி, "எனக்கு முதல்ல போடுங்க சிஸ்டர். எல்லாரும் பாக்கட்டும்" என்றார். கூட்டத்தில் ஒரு பெண், "நீங்க போட்டுக்கிட்டு, உங்களுக்குப் புள்ளை பொறக்குதான்னு நாங்க காத்திருக்கணுமா சார்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வஹாப் சாரும் சிரித்தார். சுருட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் செல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் மாசமாத்தானே இருக்கீங்க நர்சம்மா. நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். "எனக்குத் தேவையில்ல. நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பெத்துக்கப் போறேன். அங்க கொதிக்க வெச்ச கத்திரிக்கோல்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

"அப்ப கருக்கருவா எங்களுக்கு மட்டுந்தான்" என்றாள் செல்லம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

இத்தனை வருஷமாகியும் அந்த வெட்கம் எனக்குப் போகவில்லை. வஹாப் சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருப்பேன். வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் அவர் வாய் திறக்கவில்லை. நான் ஊசியை எடுத்து என் இடது கையில் நானே போட்டுக்கொண்டேன். செல்லம்மா அதைப் பார்த்துவிட்டு முன்னே வந்தாள். கோவிந்தன் அவள் கையைப் பிடித்தான். "விடு. புள்ளைங்க விறைச்சுக் கெடந்தப்ப நீ கூட்டத்துக்குப் போயிட்டே. நாந்தான் மடியில வெச்சிருந்தேன்" என்றாள். அவன் விட்டுவிட்டான். முதல் தவணை அப்படித்தான் போட்டது. இரண்டாவதை நாலு வாரம் கழித்துப் போட வேண்டும். அதுவும் போட்டால்தான் பிள்ளைக்குக் காப்பு.

அந்த நாலு வாரத்துக்குள் ஊர் கெட்டுப்போனது. வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பு நடத்தப் பார்த்தார்கள். கைகலப்பில் இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. வைக்கோல் போர் ஒன்று எரிந்தது. போலீஸ் வந்து கூடாரம் போட்டது. ஆண்கள் தெருவைவிட்டு ஓடினார்கள். கோவிந்தன் பேர் பட்டியலில் முதலில் இருந்தது. எங்கள் மேலதிகாரி, கலவரம் அடங்கட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "கலவரம் அடங்குற வரைக்கும் அந்தப் புள்ளை வயித்துல காத்துக்கிட்டிருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு வஹாப் சார் வெளியே வந்துவிட்டார்.

வந்தவர் செய்த காரியம் இருக்கிறதே, நல்ல மனசுக்காரர்கள் மட்டும் செய்யும் முட்டாள்தனம் அது. நேரே கூடாரத்துக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அவர், துணைக்கு ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றதும், நன்றி சொல்லி, நான் காத்திருந்த தெற்குத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. செல்லம்மா வீட்டில் அடுப்பு புகைகிறது, ஆளைக் காணோம்.

அவரை ஓரமாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "மூளை இருக்கா சார் உங்களுக்கு? புருஷனைத் தேடுற போலீஸைக் கூட்டிக்கிட்டு வந்து பொண்டாட்டி கையை நீட்டச் சொல்றீங்களா?"

முகம் வெளுத்துப்போய்விட்டது. "தப்புதான் சிஸ்டர். ஊசி போய்ச் சேர்ந்தாப் போதும்னு நெனச்சேன், யாரோட போகுதுன்னு பாக்கல. நீங்க உள்ள போங்க. இவரை நான் பாத்துக்குறேன்" என்றார். கான்ஸ்டபிளிடம் திரும்பி, "உள்ள பொம்பளைங்களைப் பரிசோதிக்கணும், ஆம்பளைங்க நமக்கு அங்க என்ன வேலை? வாங்க, நிழல்ல உட்காருவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நான் தெருவின் அடுத்த முனைக்குப் போனதும் ஒரு பெண் கூடையை எடுத்துக்கொண்டு, "புல்லறுக்கப் போறேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். பிளாஸ்கையும் கொதிக்க வைத்த ஊசிகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆறு மாத வயிற்றோடு கொள்ளிடக் கரை வரைக்கும் நடந்தேன். நாணல் புதருக்குள் செல்லம்மா கோவிந்தனுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து ஓடத் தயாரானான்.

"கூட யாரு?"

"யாருமில்ல. போலீஸ்காரர் வஹாப் சார்கிட்ட மாட்டிக்கிட்டிருக்காரு" என்றேன். அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. செல்லம்மா கையை நீட்டவில்லை. "நீங்க ரெண்டாவது போட்டாச்சா?" என்று கேட்டாள். "உனக்காகத்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்லி, எனக்குப் போட்டுக்கொண்டு, வேறு ஊசியால் அவளுக்கும் போட்டேன்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மரத்தடியில் வஹாப் சார் நாகூர்க் கந்தூரி ஊர்வலத்துக்கு எத்தனை விதமான கப்பல் பல்லக்கு வரும் என்று கான்ஸ்டபிளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பாவம், என்னைக் கண்டதும் விடுதலை கிடைத்தது போல எழுந்தார். வஹாப் சாருடைய வாயை அன்று ஒருநாள்தான் நான் வாழ்த்தினேன்.

செல்லம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஒவ்வொரு நாளும் எனக்குத் திக்கென்று விடிந்தது. எட்டாம் நாள் காலையில் நான் போகும்போது வஹாப் சார் எனக்கு முன்பே அந்தக் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேரத்துக்கு வராத மனுஷர் அன்று விடிவதற்கு முன்பே வந்திருக்கிறார். வெளியே நின்றபடி ஒரே கேள்வி கேட்டார். "பால் குடிக்குதாம்மா?"

உள்ளேயிருந்து செல்லம்மா குரல் கொடுத்தாள். "குடிக்குதா? உசிரையே உறிஞ்சுது சார்."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நானும் அழுதேன். ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் எனக்கு மகள் பிறந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தத் தெருவில் பிள்ளை பிறந்தாலும் எட்டாம் நாள் யாராவது ஒருவர் போவோம். அவர் மாற்றலாகிப் போன இடத்திலெல்லாம் போயிருக்கிறார். ஓய்வு பெறும் வரை நானும் போனேன். "பொறந்த அன்னிக்கு எல்லாரும் வருவாங்க சிஸ்டர். எட்டாம் நாள்தான் யாரும் வரமாட்டாங்க. நம்ம வேலை அன்னிக்குத்தான்" என்பார். அவருக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. அறிக்கை எழுதாத ஆளுக்கு எப்படி வரும்? அவர் வேலை பார்த்த தெருக்களில் 'மறுப்பு' என்ற வார்த்தைக்கு வேலை இல்லாமல் போனது. எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது.

அடக்கத்துக்குப் போக முடியாத நான், நாளை எண்ணிக்கொண்டிருந்து நாகூருக்குப் போனேன். வீட்டில் அவர் மனைவியைத் தவிர யாரும் இல்லை. அவர் மனைவி என்னை உள்ளறைக்கு அழைத்தார். "மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதுனப்பவே எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்களே. நீங்க ஏன் இன்னிக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எட்டாம் நாளும்மா" என்றேன்.

"எட்டாம் நாள், எட்டாம் நாள்னு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடுவாங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு நாளும் வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கல" என்றார்.

வஹாப் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு நாளைத்தான். அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.