தறிச் சத்தத்துக்குள் எங்கள் பாட்டு

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாங்கள் மூன்று பேர், எழுபதுகளின் கடைசியில் ஒரு பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தோம். ஒருவன் பாடுவான். இன்னொருவனிடம் கம்பி அறுந்த கிட்டார். நான் டிரம். முறையாக யாருக்கும் ஒன்றும் தெரியாது. சினிமாப் பாட்டு வாசிக்க வராததால் சொந்தமாகக் கட்டினோம். தண்ணீர் வராத குழாயைத் திட்டி ஒன்று, மேஸ்திரியைத் திட்டி ஒன்று. ஊரில் எங்களுக்குக் கத்துப் பார்ட்டி என்று பெயர்.

தெருவில் வாசித்தால் விரட்டினார்கள். ஆகவே ஷிப்ட் முடிந்ததும் கூடத்திலேயே, மற்றவர்களின் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பழகினோம். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினால்தான் பாட்டு.

மைக்செட் கடை அண்ணாச்சி டேப்ரிக்கார்டர் இரவல் தந்தார். தறி லீவு நாளில் பதியலாம் என்று போனோம். கூடம் அமைதியாக இருந்தது. ஆரம்பித்தால், பாடுகிறவனுக்குக் குரல் நடுங்குகிறது, என் கை முந்தி ஓடுகிறது.

"இது சரிப்படாதுலே, தறியப் போடு" என்றான் பாடுகிறவன்.

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றேன்.

"நீ பயந்தே சாவு. அவன் சுவிட்சப் போடுவான்."

கிட்டார்க்காரன் போட்டான். தறி ஓடியதும் தாளம் தானாக வந்து நின்றது. அடுத்தடுத்த லீவுகளிலும் அப்படியே பதிந்தோம். அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் சேர்த்துப் போட்டுக் காட்டினார். கேட்டபோது எங்கள் மூவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. கேசட் அவர் கடையிலேயே கிடந்தது.

பிறகு பாடியவன் பம்பாய்க்குப் போனான், முகவரிகூட இல்லை. கிட்டார்க்காரன் ராயகிரியில் பெண் எடுத்து, மாமனார் வயலைப் பார்க்கப் போய்விட்டான். நான் மட்டும் தறியிலேயே நின்றேன். பேச்சுத் துணை என்று யாரும் அமையவில்லை. எனக்கும் புதிதாக ஆளைப் பிடித்துப் பேசத் தைரியம் கிடையாது.

சில வருஷம் கழித்து, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால், அண்ணாச்சி பழைய கேசட்டுகளை அழித்துச் சாமி பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாகப் போன என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இது என்னது? வெறும் தறிச் சத்தமா ஓடுது. இதப் போயா சேத்து வச்சேன்?"

நின்று கேட்டேன். தறிக்குள்ளிருந்து பாடினவன் குரல் வந்தது. குழாய்ப் பாட்டு.

"பாட்டு இருக்கு அண்ணாச்சி."

"எங்கன இருக்கு? எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டக்கு. கொண்டு போ, உனக்கு எதுக்காச்சும் ஆகும்."

இதைக் கேட்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறானே என்று ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். வெயிலில் டேப் இளகிவிடுமோ என்று கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு: இரண்டு பேராக உட்கார்ந்து ஒருதரம் கேட்டுவிட்டால் போதும்.

கிட்டார்க்காரன் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த டேப்ரிக்கார்டர் இருந்தது. வயலிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். போட்டேன்.

"நம்ம தறிதான் மக்கா" என்று சிரித்தான்.

"அவன் பாடுதான்லா, கேக்கலியா?"

சத்தத்தைக் கூட்டினான். காதைக் கொண்டுபோய் வைத்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி, "மாவு மிசின் சத்தத்த எதுக்குப் போட்டுக் கேக்கிய?" என்றாள்.

நான் கேசட்டோடு சேர்ந்து மெதுவாகப் பாடிக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஆமாலே, இதேதான். இப்பக் கேக்கு."

நான் நிறுத்தினேன். அவனும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டான். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துகொண்டே, "தறிய விட்டு வந்தாச்சுல்லா மக்கா, காது மாறிப் போச்சு. வா, சாப்பிடு" என்றான்.

சாப்பிட்டேன். நல்ல மீன் குழம்பு. மழை, நெல் விலை என்று பேசினான். நானும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் பயம் பிடித்தது. எனக்குக் கேட்பது கேசட்டில் இருப்பதுதானா, அல்லது எனக்குப் பாட்டு மனப்பாடம் என்பதால் நானே உள்ளுக்குள் பாடிக்கொள்கிறேனா? ஊருக்கு வந்தும் அதை மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. எனக்கும் தறி மட்டும் கேட்டுவிட்டால், பம்பாய்க்குப் போனவன் குரல் அப்புறம் எங்கேயும் இல்லை.