ஹென்ஸ்லி கராயின் ரெண்டுநாள் காவா

பெந்தெகொஸ்தே தீவின் வடபக்கத்தில் ஹென்ஸ்லி கராயைத் தெரியாதவர் கிடையாது. குரல் அப்படி. ஆண்கள் கூடி, காவா என்ற மயக்கும் வேர்ச்சாற்றைக் குடிக்கும் நகமால் கூடத்தில் அடங்கித்தான் பேச வேண்டும் என்பது முறை. ஹென்ஸ்லி அடங்கிப் பேசினாலே பக்கத்து ஊர்ப் பன்றிகள் விழித்துக்கொள்ளும்.

வெளிநாட்டு மாத்திரைக் கம்பெனிகளுக்காகக் காவா வேர் வாங்க ஆட்கள் வந்த காலத்தில் அவருக்கு யோகம் அடித்தது. நல்ல காவா விளைய நாலைந்து வருடம் பிடிக்கும். சீக்கிரமே பருத்துவிடும் இன்னொரு வகை உண்டு. குடித்தவனை ரெண்டு நாள் எழவிடாது என்பதால் அதற்கு ரெண்டுநாள் காவா என்றே பெயர். ஊரில் யாரும் தொடமாட்டார்கள். "மாத்திரைக்குள்ள போயிட்டா எந்த வேர்னு எவனுக்குத் தெரியும்?" என்று ஹென்ஸ்லி நல்ல செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, மலைச்சரிவு முழுக்க அதையே நட்டார். வீட்டுக்குத் தகரக்கூரை வந்தது. கூடவே தலைக்கனமும் வந்தது. பழைய செடியை விடாமல் வளர்த்துக்கொண்டிருந்த மைத்துனர் போவேயை நகமாலில் வைத்தே, "மச்சான், உன் வேர் விளையறதுக்குள்ள நீ மண்ணுக்குள்ள போயிடுவ" என்று கேலி செய்தார்.

அப்புறம், காவா மாத்திரை ஈரலைக் கெடுக்கிறது என்று ஜெர்மன் அரசாங்கம் தடை போட்டது. எங்கோ இடி இடித்தது, இங்கே மழை கொட்டியது. வேர் வாங்குகிறவர்களின் கப்பல் வரவே இல்லை. அங்கே எத்தனை ஈரல் பிழைத்ததோ தெரியாது. இங்கே ஹென்ஸ்லியின் சரிவு நிறைய, மனிதன் குடிக்க முடியாத காவா செழித்து நின்றது.

அந்த நேரம் பார்த்தா மகன் கல்யாணம் வர வேண்டும்! பெண் வீட்டாருக்கு நல்ல காவா ஊற்றாவிட்டால் சம்பந்தம் அன்றைக்கே முறிந்துவிடும்.

"நம்ம வேரையே கொஞ்சம் தண்ணியாக் கலந்து ஊத்திடலாமா?" என்று மனைவி மாதானிடம் கேட்டார்.

"சம்பந்தி வீட்டையே படுக்கப்போட்டுட்டு நான் யாருக்குப் பந்தி வைக்கிறதாம்? போங்க, எங்க அண்ணன்கிட்ட கேளுங்க."

போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு மச்சான். இங்க பன்றிகூட முழிக்கல" என்றார் போவே.

"கல்யாணத்துக்கு... உன் வேர் கொஞ்சம்..."

"தாய்மாமன் நான், தராம இருப்பேனா? ஒரே ஒரு ஆசை. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி, உன் சரக்குல ஒரு சிரட்டை நீ குடிக்கணும்."

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஹென்ஸ்லி எல்லார் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். சம்பந்தி சிரித்துக்கொண்டே போவே ஊற்றிய நல்ல காவாவை வாங்கிக்கொண்டார். ஹென்ஸ்லி நகமால் மூலையில் சாய்ந்தவர்தான். பன்றி வெட்டினார்கள், பெண்ணை அழைத்து வந்தார்கள், ஆடினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவைத் தாண்டித்தான் எல்லாரும் போய் வந்தார்கள்.

தலை நிமிர்ந்தபோது வாசலுக்கு வெளியே ஒரு பெண் சேப்பங்கிழங்கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்துட்டீங்களா மாமா? நேத்தே எங்க கல்யாணம் முடிஞ்சிருச்சு. சாப்பிட்டுட்டு வாங்க, எல்லாரும் சரிவுல இருக்காங்க."

தள்ளாடிக்கொண்டு ஏறினார். சரிவில் ரெண்டுநாள் காவா ஒரு செடிகூட இல்லை. பெண் வீடும் பிள்ளை வீடும் சேர்ந்து அத்தனையையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வேர் எடுத்த செடிகளின் தண்டுகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, போவே குனிந்து வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார். ஹென்ஸ்லிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அழாத மச்சான்" என்றார் போவே, நிமிராமலே. "இது விளைய நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் என் காவாவத்தான் நீ குடிச்சாகணும். அப்ப அழுதுக்கலாம்."