ஸ்ரீபன் அடைத்த படகுகள்

ஓட்டைப் படகென்றால் ஸ்ரீபனின் கைதான் ராசியென்று முல்லைத்தீவுக் கரையில் எல்லோரும் சொல்வார்கள். அந்த ராசிக்காரனுக்கே தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் கை கட்டுண்டுபோயிற்று. போர்க்காலப் பொருளாதாரத் தடை காரணமாகத் தாரும் வரவில்லை, பிசினும் வரவில்லை. படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. கடலை முன்னால் வைத்துக்கொண்டு சனம் பட்டினி கிடந்தது.

அப்போதுதான் கரையொதுங்கிய பெட்டியொன்றில் சாம்பல்நிறக் களிபோல ஒரு சாமான் அவனுக்குக் கிடைத்தது. தண்ணீரில் கரையவில்லை. விடுவானா மனிதன்? அனலில் காட்டி இளக்கி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டித் தன் படகை அடைத்தான். மனைவி யூலிற்றாவின் தம்பி றொமேஸின் படகையும் அடைத்துக் கொடுத்தான். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

ஒருநாள் காலையில், மிதிவெடி அகற்றும் வேலை செய்கிற வீரகத்தி மீன் வாங்க வந்தார். படகின் அடியைத் தடவியவர் சட்டென்று கையை எடுத்தார்.

"இதை எங்கை எடுத்தனீ?"

"கடல் தந்தது அண்ணை. நல்ல சாமான்."

"இது வெடிமருந்தடா."

ஸ்ரீபன் சிரித்தான். "சும்மா இருங்கோ அண்ணை. சுத்தியலாலை எத்தினை அடி அடிச்சனான். நெருப்பிலையும் காட்டினனான். வெடிமருந்தெண்டால் நான் இண்டைக்கு இருப்பனோ?"

"ரப்பர்மாதிரி ஒண்டைச் சேர்த்துச் செய்யிறது. அடிச்சும் சுட்டும் சோதிச்சுப் பாத்துத்தான் வெளியிலை விடுவாங்கள். அதுக்கெல்லாம் லேசிலை அசையாது. ஆனால் பக்கத்திலை ஒரு சின்ன வெடி வெடிச்சால் போதும், படகிலை ஒரு பலகையும் மிஞ்சாது."

ஸ்ரீபன் கடலைப் பார்த்தான். றொமேஸ் வெடி எறிந்து மீன் பிடிக்கிறவன். தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஏசியும் திருந்தாத சென்மம். வெடிகளைப் படகின் பின்பக்கத்தில்தான் வைப்பான். பாழாய்ப்போன ஓட்டையும் அங்கேதான் இருந்தது. ஸ்ரீபன் மச்சானுக்கென்று இரண்டு கையாலும் அள்ளி அப்பியிருந்தான். விடியவே றொமேஸ் கடலுக்குப் போய்விட்டான்.

"ஐயோ, அவனை மறிக்கவேணும்," என்று ஸ்ரீபன் தன் படகைத் தண்ணீருக்குத் தள்ளினான். வீரகத்தியும் தோள்கொடுத்தார். படகு பாதி இறங்கியபோது கடலில் வெடித்தது. றொமேஸின் வெடி வழக்கமாக 'தொம்' என்று அமுங்கிக் கேட்கும். இது காலடி மணலை உலுக்கியது. ஸ்ரீபன் படகின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான்.

வீட்டுப் பக்கமிருந்து யூலிற்றா மீன் அள்ளுகிற பெரிய ஓலைக் கடகத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"கேட்டனீங்களே? தம்பிக்கு இண்டைக்கு நல்ல மீன்பாடு போலை," என்றாள்.