லேபிள் இல்லாத டிஸ்க்

மாப்பிள்ளை என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதியபோது எனக்கு ஒரே கவலைதான்: கீபோர்டு எட்டவில்லை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். நன்னிலத்தில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கணினி ஒன்றின் பழைய சிஸ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதே இயந்திரத்தில் ஓடும் லினக்ஸ் அவர் பொறுப்பு. வேலைக்குப் புதுசு, இன்னும் நிரந்தரமாகவில்லை. சிபாரிசு செய்த புண்ணியவான் நான்தான்.

அந்த இயந்திரத்தின் டிஸ்க்குகள் இரண்டு சிஸ்டத்துக்கும் பொது. லினக்ஸுக்கு அவற்றை இரண்டு விதமாக ஃபார்மேட் செய்யலாம். ஒன்றில், என் சிஸ்டமும் படிக்கிற மாதிரி முன்னால் டிஸ்க்கின் பெயர் சொல்லும் ஒரு லேபிள் விழும். இன்னொன்று லினக்ஸுக்கு மட்டும்தான் புரியும். என் கண்ணுக்கு அது காலி டிஸ்க். "லேபிள் உள்ளதையே போடுங்க மாப்ள" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாப்பிள்ளை முறுக்கு விடுமா? "லினக்ஸ் படிச்சா போதும். உங்க சிஸ்டம் எதுக்குப் படிக்கணும்?" என்றவர், வாடிக்கையாளரின் தரவு முழுவதையும் அதில் ஏற்றிவிட்டார். நகல் எடுப்பதை மறுநாளைக்குத் தள்ளிவைத்திருந்தார்.

அன்று லேபிள் இல்லாத டிஸ்க் ஒன்று என் கண்ணில் பட்டது. புது லேபிள் எழுதி, எந்த வேலை வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டேன். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சற்று நேரத்தில் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். "என் டிஸ்க்கை அழிச்சிட்டீங்களே மச்சான்! என் வேலையே போச்சு!"

"உளுந்து தெளிச்ச வயல்ல குச்சி நடாம விட்டா மாடு மேயாம என்ன செய்யும்?" என்றேன். இங்கே அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். அறுத்த பிறகு வெறும் அரிதாள்தான் தெரியும். குச்சியில் வைக்கோல் கட்டி நட்டால்தான் மாட்டுக்காரர் ஒதுங்கிப்போவார். நான் பேசியது நியாயம். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதல் குத்து அந்த வாயிலேயே விழுந்து, ஒரு பல் நாக்கில் உருண்டது.

அப்போதுதான் உறைத்தது. நான் எழுதிய லேபிள் டிஸ்க்கின் முகப்பை மட்டும்தான் மாற்றியிருக்கும். உள்ளே அவர் ஏற்றியதெல்லாம் அப்படியே கிடக்கும். வேறெதுவும் அதன்மேல் எழுதுவதற்குள் டிஸ்க்கை விலக்கிவிட்டால் மீட்டுவிடலாம். சொல்ல வாயெடுத்தேன். கழுத்தைப் பிடித்துவிட்டார்.

மூச்சே வரவில்லை, பேச்சு எங்கே வரும்? விரலை நீட்டித் திரையைக் காட்டினேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, விரலைப் பிடித்து மடக்கி ஒடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை மேல் கைநீட்டக் கூடாது என்ற வளர்ப்பெல்லாம் காற்றில் பறந்தது. முழங்காலால் அடிவயிற்றில் ஓங்கி விட்டேன். விழுந்தவர் என்னையும் இழுத்துக்கொண்டே விழுந்தார். கழுத்தை மட்டும் விடவில்லை. தங்கை ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கொட்டிய பிறகுதான் பிடி தளர்ந்தது.

தவழ்ந்துபோய்த் திரையைப் பார்த்தேன். காலி டிஸ்க் கிடைத்ததென்று இயந்திரத்தில் ஓடிய மற்ற வேலைகள் எல்லாம் பாய்ந்து, அதை விளிம்புவரை எழுதி நிரப்பியிருந்தன.

இரத்தத்தைத் துப்பிவிட்டு, வராத குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா மச்சான்?"